வலையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: ஊற்றோடை மீன்கள் – வாசகர் கேள்வி பதில்

(மேற்கு மலைத்தொடர் ஓடைகளில் வாழும் அரிய நாட்டு மீன்களைப் பற்றி வாசகர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, நன்னீர் மீன் ஆய்வில் உள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.)

எங்கள் ஊரை ஒட்டி மலையிலிருந்து இரண்டு ஓடைகள் இறங்குகின்றன. இரண்டிலும் சித்திரை வரை தண்ணீர் ஓடுகிறது. இதில் எது ஊற்றோடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீன் தேட இது தெரிந்திருக்க வேண்டுமா? (கடையம்)

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அரிய மீனைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது தண்ணீரை. கோடையில் வற்றாத, சூடேறாத ஓடைதான் அந்த மீன்களுக்கு அடுத்த மழை வரைக்கும் உயிர் தருகிறது.

ஒரு டிஜிட்டல் வெப்பமானி போதும். மழை இல்லாத ஒரு நாளில், ஒரே இடத்தில், விடியற்காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அளந்து பாருங்கள். ஓடையின் நடுவில், நிழலில், பாதி ஆழத்தில் வெப்பமானியின் முனையை ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். கரையோரத்துத் தேங்கலில் அளந்தால் வெயிலின் சூட்டைத்தான் அளப்பீர்கள். ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு அளவுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. ஊற்றில்லாமல் நிலத்தின் மேல் வழிந்து வரும் மழைநீரில் ஓடும் ஓடையில், அதுவும் மர நிழல் இல்லாவிட்டால், நான்கைந்து டிகிரி ஏறியிருக்கும்.

அடுத்தது, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பயன்படுத்தும் அதே கருவிதான். கோடை மழைக்கு முந்தின நாளும், மழை பெய்த மறுநாளும் அளந்து பாருங்கள். ஊற்றோடையில் எண் அவ்வளவாக மாறாது. மழைநீர் ஓடையில் சட்டென்று இறங்கும். மழையே இல்லாமல் எண் திடீரென்று ஏறினால் மேலே சாக்கடையோ உரநீரோ கலக்கிறது என்று பொருள். அப்படியானால் மீனைத் தேடுவதற்கு முன் கரையோடு மேலே நடந்து, கலக்கும் இடத்தைப் பாருங்கள்.

நீரின் அளவும் தெரிய வேண்டும் என்றால் 10 மீட்டர் நீளத்தை அளந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்க விடுங்கள். கடக்க எத்தனை வினாடி என்று மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள். 10-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மேற்பரப்பின் வேகம். அடியில் நீர் மெதுவாக ஓடும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கி, ஓடையின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் இந்த எண் பெரிதாகக் குறையவில்லை என்றால் அது ஊற்றை நம்பி ஓடும் ஓடை.

ஒன்றைக் கவனியுங்கள். ஊற்றுக்கண்ணிலேயே மீன் நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூமிக்குள்ளிருந்து வெளிவரும் நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் குறைவு. கல்லில் மோதிச் சலசலத்து இறங்கிய பிறகுதான் காற்று கலக்கும். முதல் இரண்டு மூன்று சலசலப்புகளைத் தாண்டிய பள்ளங்களில் தேடத் தொடங்குங்கள். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். கோடையில் குளிர்ந்த நீருக்கு மீன் ஒதுங்குவது இதனால்தான்.

தாமிரபரணியில் மட்டுமே வாழும் கெண்டை ஒன்று உண்டு என்று படித்தேன். அதைப் பிடிக்காமல், கரையிலிருந்தே பார்க்க முடியுமா? எந்த மாதம், எப்படி? (விக்கிரமசிங்கபுரம்)

நீங்கள் சொல்வது டாகின்சியா தாம்பிரபரணியை. ஆற்றின் பெயரே இனப்பெயராக அமைந்த மீன். 1950-களில் விவரிக்கப்பட்டது, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாகக் கதிர்கள் நீண்டு பின்னால் அலையும். உடலின் பக்கவாட்டில் கரும்பட்டைகள். வெயில் சாய்வாக விழும்போது செதில்களில் பச்சையும் செம்பும் மின்னும்.

கரையிலிருந்தே பார்க்கலாம். தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை நீர் கலங்கலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தை பிற்பகுதியில் தெளியத் தொடங்கும், சித்திரை வரை நன்றாகப் பார்க்கலாம். காலை 9 முதல் 11 மணிதான் நல்ல நேரம். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், மீன் ஓடிவிடும். எதிரே இருந்தால் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியாது.

எங்கே நிற்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சலசலப்பு முடிந்து பள்ளம் தொடங்கும் இடமும், பள்ளம் முடிந்து மறுபடி ஆழம் குறையும் இடமும் மீன் மேயும் இடங்கள். அங்கே கீழ்நீர்ப் பக்கமிருந்து மேல்நோக்கிப் போங்கள். மீன் எதிர்நீரைப் பார்த்தே நிற்கும், பின்னாலிருந்து வருவது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. கரையில் நீர்மட்டத்துக்கு மேல் 10 டிகிரி கோணத்துக்குள் இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போவதால் மீன் கண்ணில் சரியாகப் படாது. கணக்குப் போட்டால், 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் மீனுக்குத் தெரியாமல் இருக்க உங்கள் தலை நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது குத்தவைத்து உட்கார வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு ஓடுகிற மீனின் வால்தான் தெரியும்.

உட்கார்ந்தபின் அசையாமல் 20 நிமிடம் காத்திருங்கள். முதலில் மேல்மட்டத்துச் சின்ன மீன்கள் திரும்பும். கெண்டைகள் அதற்குப் பின். பெரிய ஆண்கள் கடைசியில்தான் வெளியே வரும். பத்து நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள் அந்த ஆண்களைப் பார்ப்பதே இல்லை. பொரி போட்டு வரவழைக்காதீர்கள். பொரிக்கு வருவது எப்போதும் அதே நாலு பழகிய மீன்கள்தான். எஞ்சிய பொரி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

போலரைஸ்டு கண்ணாடி மிக உதவும். ஆனால் நீர்ப்பரப்புக்கு 35 முதல் 40 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது பளபளப்பை முழுதாக வெட்டும். நேர் கீழே பார்த்தால் பயனில்லை. பைனாகுலர் வாங்குவதானால் 8 மடங்கு பெருக்கமும், 2 மீட்டர் தூரத்திலேயே குவியும் தன்மையும் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண பைனாகுலர்கள் பல 5 மீட்டருக்கு உள்ளே குவியாது.

தண்ணீருக்குள் வைக்கும் சிறு கேமரா இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கனமான தட்டைக் கல்லில் கட்டி, லென்ஸ் நீரோட்டத்துக்குக் குறுக்கே பார்க்கும்படி வையுங்கள். மேல்நீர்ப் பக்கம் இருந்து கீழ்நோக்கி வைத்தால் மீனின் முகம்தான் பதிவாகும். இனம் கண்டுபிடிக்க வேண்டியது பக்கவாட்டுத் தோற்றம். 20 நிமிடம் ஓட விட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் 5 நிமிடப் பதிவில் பெரும்பாலும் கலங்கிய மண்தான் இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. பாபநாசத்துக்கு மேலே அணைகளும் நீர்மின் நிலையமும் இருக்கின்றன, நீர்மட்டம் சொல்லாமல் ஏறும். கோடையில் பிற்பகலில் மலையில் இடி மழை பெய்தாலும் அப்படித்தான். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, நீரின் நிறம் மாறினாலோ, கேமராவை விட்டுவிட்டாவது கரையேறுங்கள்.

நான் அனுப்பியிருக்கும் படத்தில் உள்ள குட்டி மீனின் உடலில் மூன்று கருப்புப் பட்டைகள். இது அந்த அரிய கெண்டைதானே? (சேரன்மகாதேவி)

படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டாகின்சியா கூட்டத்தில் பல இனங்களின் குஞ்சுகளுக்கும் பட்டைகள் உண்டு. பரவலாகக் கிடைக்கும் ஃபிலமெண்டோசா வகைக் குஞ்சுகளுக்கும் பட்டை இருக்கும். வளர வளர அது மங்கி, வாலுக்கு முன்னால் ஒரே ஒரு கரும்புள்ளியும், வால் நுனிகளில் சிவப்பும் கருப்பும் மிஞ்சும். ‘அரிய இனம் கண்டுபிடிப்பு’ என்று சுற்றும் படங்களில் பல இப்படிப்பட்ட குஞ்சுகள்தான்.

அடுத்த முறை அதே கூட்டத்தில் உள்ள பெரிய மீனையும் சேர்த்துப் படமெடுங்கள். தேவைப்படுவது: துடுப்புகள் விரிந்த நிலையில் இடப்பக்க முழு உருவம், வாயோரத்தில் மீசை இருக்கிறதா, எத்தனை இணை என்று தெரியும்படி தலையின் நெருக்கப் படம், உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் நோக்கி ஓடும் கோட்டுச் செதில்களை எண்ணும் அளவுக்குத் தெளிவு. முதுகுத் துடுப்பின் கெட்டியான முன் கதிரின் பின்விளிம்பையும் பாருங்கள். ரம்பம் போல் பற்கள் இருந்தால் அது டாகின்சியா அல்ல. இதே அளவில் உள்ள, பெத்தியா என்ற வேறொரு கெண்டைக் கூட்டத்து இனங்களுக்குத்தான் அந்தப் பற்கள்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிறோம். ஓடையில் மீன் பிடித்துப் பட்டியல் எடுக்க நினைக்கிறோம். கொசுவலையைப் பயன்படுத்தலாமா? (பாளையங்கோட்டை)

வலையைப் பற்றி யோசிக்கும் முன் அனுமதியைப் பற்றி யோசியுங்கள். களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு அயிரையைப் பிடிப்பதானாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆய்வுத் திட்டத்தைத் துறைத் தலைவர் வழியாக, எத்தனை இடம், எந்த முறை, மீன்களைத் திரும்ப விடுவீர்களா என்ற விவரத்தோடு அனுப்புங்கள். பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். காப்பகத்துக்கு வெளியே என்றாலும் நீர்நிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கொசுவலை வேண்டாம். முடிச்சுள்ள வலையும் வேண்டாம். கொசுவலை முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் வாரும், நீரோட்டத்தில் இழுக்கவும் முடியாது. முடிச்சு செதிலை உரிக்கும், உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள முடிச்சில்லாத கைவலை சரியாக இருக்கும். ஒருவர் கீழ்நீரில் வலையைத் தரையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் ஒரு மீட்டர் மேலே இருந்து காலால் மெதுவாகத் தள்ளி வரட்டும். அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் இருக்கிறது, வலையில் மாட்டிக்கொள்ளும். இழுக்காமல் வலையை நீருக்குள்ளேயே தளர்த்தினால் தானே விடுவித்துக்கொள்ளும்.

படமெடுக்க ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி செய்துகொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் நீளம், 10 உயரம், முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 3 அல்லது 4 சென்டிமீட்டர் மட்டும். இடைவெளி கூடினால் மீன் திரும்பி நிற்கும், படம் மங்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஓடைநீரைப் புதிதாக மாற்றுங்கள். இவ்வளவு குறைந்த நீர் வெயிலில் மளமளவென்று சூடேறிவிடும். ஒரு மீனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கை ஈரமாக இருக்க வேண்டும். கொசு விரட்டியோ சன்ஸ்கிரீனோ தடவிய கையோடு தொட்டியையோ மீனையோ தொடக் கூடாது. எடுத்த பள்ளத்திலேயே விடுங்கள், அடுத்த பள்ளத்தில் அல்ல.

கல்லைப் புரட்டினால் புரட்டியபடியே விட்டுவிட்டு வராதீர்கள். அடிப்பக்கம் அடியில், மேல்பக்கம் மேலே என்று பழைய குழியிலேயே வையுங்கள். முட்டை ஒட்டிய கல் தெரிந்தால் அந்த இடத்தை விட்டே விலகுங்கள். ஒரு ஓடையில் நனைந்த வலையையும் செருப்பையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவைத்த பின்பே அடுத்த ஓடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒட்டுண்ணிகள் ஈரத்தோடுதான் பயணம் செய்கின்றன.

ஒரு ஜோடியைக் கொண்டுவந்து தொட்டியில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டால் நல்லதுதானே? (திருநெல்வேலி)

வேண்டாம். எண்ணம் நல்லது, விளைவு கெடுதல். ஒரு ஜோடியின் பிள்ளைகள் எல்லாம் ஒரே ரத்தம். அவை பெருகினால் ஆற்றுக் கூட்டத்தின் மரபு வேறுபாடு குறையும். வண்ணமீன் கடையிலிருந்து வந்த நோயும் புழுவும் உங்கள் தொட்டி வழியாக ஆற்றுக்குப் போகும். கடையில் ‘அருலியஸ்’ என்று விற்கப்படுவது வேறொரு டாகின்சியா இனமாக இருப்பது வழக்கம். அருலியஸ் காவிரிப் படுகையின் மீன், தாம்பிரபரணி தாமிரபரணியின் மீன். அடுத்தவர் ஆற்று மீனை இங்கே விட்டால் கலப்பினம் உண்டாகி, நாம் காப்பாற்ற நினைத்த இனமே இல்லாமல் போகலாம்.

மீனுக்கு உதவ வேண்டும் என்றால், குளிக்கும் இடத்தில் கல்லடுக்கி அணை கட்டுவதையும், சோப்பு, ஷாம்பு போடுவதையும், பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுவதையும் உங்கள் குடும்பத்தில் நிறுத்துங்கள். கப்பி, ஜிலேபி, டேங்க் கிளீனர் போன்ற வெளிநாட்டு மீன்கள் எதையும் எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

எங்கள் கிணற்று மோட்டார் குழாயில் ரத்தச் சிவப்பாக, கண்ணே இல்லாத, ஒரு அங்குல நீளப் பிராணி வந்தது. புழுவா, மீனா? (மார்த்தாண்டம்)

துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கொசுவை ஒத்த ஒருவகைப் பூச்சியின் புழுவும் ரத்தச் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குத் துடுப்பும் மீசையும் கிடையாது. வாயைச் சுற்றி நான்கு இணை மீசை, வாலில் விரிந்த துடுப்பு, தோலுக்குள் ரத்தம் தெரியும் இளஞ்சிவப்பு என்றால் அது நிலத்தடிக் கெளுத்தியாக இருக்கலாம். ஊற்றுநீர் மீன்களிலேயே மிக அரிய கூட்டம் இது.

கேரளத்தில் செம்புரைக்கல்லுக்கு அடியில் தேங்கும் நிலத்தடி நீரில் இவை வாழ்கின்றன. கோட்டயத்துக் கிணறு ஒன்றிலிருந்து ஹோராக்லானிஸ் கிருஷ்ணை என்ற குருட்டுக் கெளுத்தி 1950-ல் விவரிக்கப்பட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு வெளியே வந்த நிலத்தடி விரால் ஒன்று 2019-ல் ஏனிக்மாசன்னா கோலம் என்று பெயர் பெற்றது. 2023-ல் விவரிக்கப்பட்ட இன்னொரு குருட்டுக் கெளுத்திக்கு ‘பொபுலி’ என்று, மக்களின் பெயரையே வைத்தார்கள். கிணற்று மீன்களைப் பார்த்துத் தகவல் தந்தவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான்.

இனி செய்ய வேண்டியது இது. மேல்நிலைத் தொட்டிக்குள் நீர் விழும் குழாய் வாயில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணிப் பையைத் தளர்வாகக் கட்டுங்கள். மோட்டார் ஓடும் ஒவ்வொரு முறையும் பையைப் பாருங்கள். இறுக்கிக் கட்டினால் அழுத்தத்தில் பை கிழியும், மீனும் நசுங்கும். உயிருடன் வந்தால் கிணற்று நீரிலேயே, மூடிய இருட்டுப் பாத்திரத்தில் வைத்துப் படமெடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குத் தெரிவியுங்கள். பஞ்சாயத்துக் குழாய் நீரில் வைத்தால் குளோரினில் இறந்துவிடும். இறந்து வந்தாலும் எறியாதீர்கள். நல்ல செறிவுள்ள எத்தனாலில் போட்டால் மரபணுச் சோதனைக்குப் பயன்படும். ஃபார்மலினில் போட்டால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்டப் போய்விடும். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் திட்டம் இருந்தால் இது தெளியும் வரை தள்ளிப் போடுங்கள், அதுவரை குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தண்ணீரை எடுத்துச் சோதித்தாலே மீன் இருப்பது தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? (கோவை)

உண்மைதான். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு ஆகியவற்றில் உள்ள மரபணு தண்ணீரில் மிதக்கும். ஒன்று அல்லது இரண்டு லிட்டர் நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, தாளை எத்தனாலில் போட்டுக் குளிரில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கலங்கல் நீரில் தாள் கால் லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் தெளிந்த ஊற்றோடைகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் எடுப்பவரின் கையில். கீழ்நீரிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஓடைக்குள் இறங்கக் கூடாது, ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை வேண்டும். காய்ச்சி வடித்த நீரையும் ஒரு முறை அதே போல வடிகட்டி அனுப்ப வேண்டும். அதில் மீன் மரபணு வந்தால் முழுத் தொகுப்பும் மாசுபட்டுவிட்டது என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இனத்தின் மரபணு முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். எத்தனை மீன், எந்தப் பள்ளத்தில் என்பதையும் இந்த முறை சொல்லாது. மேலே எங்கோ இருப்பதன் மரபணு கீழே வந்தும் சேரலாம். கண்ணால் பார்ப்பதற்கு இது மாற்று ஆகாது, எங்கே பார்க்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான்.

இலங்கையின் பந்துல கெண்டையைப் பார்க்க விரும்புகிறோம். காட்டுக்குள் போக வேண்டுமா? (ஹட்டன்)

காட்டில் இல்லை. 1991-ல் விவரிக்கப்பட்ட பெத்தியா பந்துல, கேகாலை மாவட்டம் கலப்பிட்டமடவில், ரப்பர்த் தோட்டமும் வயலும் சூழ்ந்த சிற்றோடையில் வாழும் மீன். மிக அபாய நிலையில் உள்ள இனம். தனியார் நிலம் என்பதால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கரையிலிருந்து மட்டும் பாருங்கள். ஓடையில் கால் வைக்காதீர்கள். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குழு இறங்கினாலே கலங்கல் முழு வாழிடத்தையும் மூடிவிடும். வலையோ பாட்டிலோ கொண்டுபோகவே வேண்டாம்.

பார்த்ததை எங்கே பதிவது? எதுவும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டுமா? (தென்காசி)

உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் படங்களை ஏற்றலாம். ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே 0.2 டிகிரி கட்டத்துக்குள், அதாவது 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சதுரத்துக்குள், மறைத்துக் காட்டும். ஆனால் இனம் தவறாகப் பதியப்பட்டால் மறைக்காமல் விட்டுவிடும். ஆகவே இருப்பிடத்தை ‘மறைத்தது’ என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ ஓடையின் பெயர் போட வேண்டாம். படக் கோப்புக்குள்ளேயே ஜி.பி.எஸ். எண் பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பிடிப்பவர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள்.

கிடைக்காத நாளைக் கட்டாயம் எழுதுங்கள். இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீரின் வெப்பம், தெளிவு, எத்தனை பேர் பார்த்தீர்கள், கரையிலிருந்தா கேமராவிலா என்று ஒரு வரி போதும். தெளிந்த நீரில் ஒரு மணி நேரம் பார்த்தும் இல்லை என்பதும், கலங்கல் நீரில் கால் மணி நேரம் பார்த்து இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த விவரம் இருந்தால்தான், பின்னால் ஒருநாள் அந்தப் பள்ளத்தில் மீன் குறைந்துவிட்டதா, அன்றைக்குத் தெரியாமல் போனதா என்று ஒருவர் சரியாகச் சொல்ல முடியும்.